கட்டுவிரியனும் என் ஓரகத்தியும்

புரட்டாசி 19, செவ்வாய்

இந்த நோட்டை ஜெசிந்தா சிஸ்டர் கொடுத்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்துக் கிடப்பவர்கள் எழுந்த பிறகு, நடுவில் போன நாட்கள் எங்கே என்று தேடித் தவிப்பார்களாம். கூட இருப்பவர் தினமும் நடந்ததை எழுதி வைத்தால் பிறகு படித்துக் காட்டலாமாம். "எழுதத் தெரியுமா பாட்டி?" என்றாள். அஞ்சாம் வகுப்பு பாஸ் என்றேன். ஆறாம் வகுப்புக்கு அனுப்பாமல் மாட்டைப் பிடித்துக் கையில் கொடுத்த சித்தப்பாவை இன்னும் மன்னிக்கவில்லை என்பதையும் சொன்னேன். அவள் அதைக் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னேன்.

உள்ளே படுத்திருப்பவள் தையல்நாயகி. என் கொழுந்தன் பெண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. அறுபத்தாறு வயது. என்னைவிட ஆறு வயது இளையவள், வாய் மட்டும் அறுபது வயது மூத்தது. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்திருக்கிறோம். கிழக்குப் பக்கம் அவள், மேற்குப் பக்கம் நான், கொல்லை பொது. இரண்டு பேருக்கும் புருஷன் இல்லை. பத்தொன்பது வருஷமாக எங்களுக்குள் பேச்சும் இல்லை.

நடந்தது இது. காலை ஆறு மணிக்கு உடம்புக்கு முடியவில்லை என்று கொல்லையில் வந்து விழுந்தாள். நான் உடனே நூற்றெட்டுக்குப் போன் போட்டேன். வண்டி வருவதற்குள் அவள் படுத்திருந்த பாயை உதறினேன். கறுப்புக் கயிற்றுக்கு வெள்ளை வளையம் மாட்டியது போல் ஒன்று சுருண்டு கிடந்தது. கட்டுவிரியன். தென்னமட்டையால் ஒரே போடு. உரச்சாக்கில் போட்டுக் கையோடு கொண்டுவந்து டாக்டர் முன்னால் கொட்டினேன்.

டாக்டர் பெயர் நிலோஃபர். என் பேத்தி வயதுதான். இரண்டடி பின்னால் போய் நின்று, "இனிமே போட்டோ போதும் பாட்டி" என்றாள். பிறகு, "முதமுதல்ல முடியலன்னு எத்தன மணிக்குச் சொன்னாங்க?" என்றாள்.

"ஆறு."

எழுதிக்கொண்டாள்.

கடித்த தடமே இல்லை. தூக்கத்தில் கடித்தால் எறும்பு கடித்தது போலக்கூட இருக்காதாம். விஷமுறிவு மருந்து பத்துப் புட்டி ஏறிவிட்டது. தொண்டையில் குழாய் விட்டு மெஷினில் மூச்சு ஓடுகிறது. நான் இரண்டு இட்லி சாப்பிட்டேன். சட்னி என்று தண்ணீர் ஊற்றினார்கள்.

புரட்டாசி 20, புதன்

அவள் மகன் கலியமூர்த்தி கும்பகோணத்திலிருந்து வந்துவிட்டான். பாத்திரக்கடையில் வேலை. அம்மாவைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு விவரம் சொன்னாள். எனக்குப் புரியும் வரை விடக்கூடாது என்று நின்றேன்.

"பாட்டி, பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டுப் புடிப்பாங்கள்ல?"

"நானே போட்டிருக்கேன்."

"அதான் இங்க நடக்குது. கைய அசைன்னு மூளை சொன்னா, நரம்பு வழியா அந்தச் சேதி ஓடி வரும். நரம்பு நுனிக்கும் சதைக்கும் நடுவுல மயிரிழை அளவு எடைவெளி இருக்கு. நுனியிலேருந்து ஒரு மருந்துத் துளி கெளம்பி, அந்த எடைவெளியத் தாண்டி, சதை மேல அதுக்குன்னு இருக்குற சீட்டுல போய் உக்காரணும். உக்காந்தாத்தான் சதை அசையும். பாம்பு விஷம் அதுக்கு முன்னாடியே போய் அந்த சீட்டுல துண்டைப் போட்டுடுது. வந்தவன் நிக்கிறான். சீட்டு இல்ல."

"துண்டைத் தூக்கி வெளிய எறிஞ்சுட்டு உக்கார வேண்டியதுதானே. 1983-ல மாயவரம் பஸ்ல நான் அப்படித்தான் செஞ்சேன்."

டாக்டர் சிரித்துவிட்டாள். "நல்ல பாம்பா இருந்தா நீங்க சொல்றது ஓரளவு நடக்கும். ஒரு ஊசி இருக்கு. அதைப் போட்டா ஆளுங்க கூட்டமா வந்து நெருக்கித் துண்டை நழுவ விட்ருவாங்க. இது கட்டுவிரியன். சீட்டுலயும் துண்டு போடும், நரம்பு நுனியில ஆளு கெளம்புற வாசலையும் ஒடச்சு வைக்கும். நாம ஏத்துன மருந்து ரத்தத்துல சுத்திக்கிட்டிருக்குற விஷத்தத்தான் புடிக்கும். ஏறி உக்காந்தத எறக்காது. ஒடம்பு தானா புது வாசல், புது சீட்டு கட்டிக்கணும். அதுவரைக்கும் மூச்சை மெஷின் பாத்துக்கும்."

"எத்தன நாளு ஆவும் டாக்டர்?" என்றான் கலியமூர்த்தி.

"ஒரு வாரம், பத்து நாள். கூடவும் ஆகலாம். பொறுமையா இருக்கணும். ஒண்ணு சொல்றேன். அவங்க மூளைக்கு ஒண்ணும் ஆகல. பகல்ல மயக்க மருந்தையும் கொறச்சுத்தான் வச்சிருக்கோம். காது நல்லாக் கேக்கும், கிள்ளுனா வலிக்கும். கண்ணத் தொறக்க முடியாது, வெரல அசைக்க முடியாது, அவ்ளோதான். பக்கத்துல நின்னு சாவுப் பேச்சுப் பேசாதீங்க."

"எல்லாம் கேக்குமா?" என்றேன்.

"எல்லாம்."

"பதில் சொல்ல முடியாது?"

"இப்போதைக்கு முடியாது பாட்டி."

வெளியே போய் ஒரு டீ குடித்தேன். நேற்று இதே கடையில் வாயில் வைக்க முடியவில்லை. இன்று நல்ல டீ.

புரட்டாசி 21, வியாழன்

ஒரு ஆளைத்தான் உள்ளே விடுவார்கள். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். கலியமூர்த்தி ஐந்து நிமிஷம் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறான். மீதி நேரம் என்னுடையது.

நாற்காலியைக் காதுப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். பத்தொன்பது வருஷமாகப் பேசாதவள், எதிலிருந்து தொடங்குவது? வருஷ வரிசையில் போனேன்.

எழுபத்தாறு, தை மாதம், பொங்கலுக்கு மறுநாள்: என் அரிவாள்மனையை வாங்கிப் போய் மழுக்கிக் கொடுத்தது. எழுபத்தொன்பது: என் மாமியாருக்குக் கால் பிடித்துவிடும் சாக்கில் நான் குறட்டை விடுவதைச் சொன்னது. எண்பத்து நான்கு, பங்குனி உத்திரத்துக்கு முந்தின வெள்ளி: நான் கட்டியிருந்த பச்சைச் சேலையைப் பார்த்து, "மாட்டுக்கு மேய்ச்சலுக்குப் போக வேண்டியதில்ல" என்றது. தொண்ணூற்று ஒன்று: கருவாட்டுப் பானை விவகாரம். அதை முழுதாகச் சொல்ல இருபது நிமிஷம் ஆனது.

தலைமாட்டில் ஒரு டிவி மாதிரி இருக்கிறது. அதில் பச்சை எழுத்தில் ஓடுவது நாடித் துடிப்பு என்று சிஸ்டர் சொன்னாள். நான் தொடங்கும்போது எழுபத்தெட்டு. கருவாட்டுப் பானையில் தொண்ணூற்று ஒன்பது.

"பாட்டி, நல்ல விசயமாப் பேசுங்க" என்றாள் ஜெசிந்தா.

"இதெல்லாம்தான்டி எங்க நல்ல விசயம்."

பெரிய விஷயத்தைச் சாயங்காலத்துக்கு வைத்திருந்தேன். என் புருஷன் செத்த அன்று இவள் பாடிய ஒப்பாரி. ஊர் முழுக்கக் கூடியிருக்கிறது. என் சம்பந்தி வீட்டார் இருக்கிறார்கள். இவள் முந்தானையை விரித்து உட்கார்ந்து எடுத்தாள்:

சூடா ஒரு கவளம் சோறு காணாமப் போனியளே
ஆறுன கொழம்புக்கே ஆயுசக் குடுத்தியளே

நான் என் புருஷனுக்கு ஆறின குழம்பு ஊற்றினேன் என்று நடு வாசலில் பாட்டுக் கட்டினாள். ஊர்ச்சனம் வேறு, "என்ன இருந்தாலும் பெண்டாட்டிய விட எளையவ பாட்டுதான் உருக்கம்" என்று சொல்லிக்கொண்டு போனது. அன்றைக்கு நிறுத்தியதுதான் பேச்சு.

"அதுக்குப் பதில் சொல்லுடி" என்றேன் காதில். நூற்று மூன்று வரை போனது. பதில் இல்லை. டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. சேதி உள்ளே கிளம்பி வந்து நின்றுகொண்டிருக்கும், உட்கார இடமில்லாமல். நிற்கட்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வரும்போது அவள் முகவாயில் எச்சில் வழிந்திருந்தது. துடைத்தேன். சிஸ்டர் கையில் வேலை இருந்தது, அதனால்தான்.

புரட்டாசி 22, வெள்ளி

கலியமூர்த்தியின் மச்சினன் வந்தான். எங்கோ மருந்துக்கடையில் நின்றவன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு, சிஸ்டர் டார்ச் அடித்து அவள் கண்ணைப் பார்த்தபோது எட்டிப் பார்த்தான். கருவிழி சுருங்கவில்லை. வராந்தாவுக்கு வந்து, "மூளை செத்துட்டா கண்ணு இப்படித்தான் நிக்கும் மாமா. மெஷின்தான் ஓடுது, அத்தை எப்பவோ போயிட்டாங்க" என்றான்.

கலியமூர்த்தி டாக்டரிடம் ஓடினான். கட்டுவிரியன் விஷம் கருவிழியைக்கூட அசைய விடாது, அதை வைத்து மூளை செத்தது என்று சொல்லவே கூடாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். அவன் தலையாட்டினான். காதில் ஏறியது மச்சினன் பேச்சுதான்.

"பெரியம்மா, ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அசைவு இல்லன்னா கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டு போயிருவோம். எங்கம்மா இப்படிக் கொழாயோட அனாதையாக் கெடக்க வேணாம். சொந்த வாசல்ல போவட்டும்."

"குழாயப் புடுங்குனா அரை மணி தாங்கமாட்டாடா."

"இப்ப இருக்காங்களா, சொல்லுங்க?"

"இருக்கா. கருவாட்டுப் பானைக்கு நாடி ஏறுது."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரு முழு நாள்தான் இருக்கிறது. பெற்ற மகன் கையெழுத்துப் போட்டால் யாரும் தடுக்க முடியாதாம். ஓரகத்தி கையெழுத்துக்கு ஒரு மதிப்பும் கிடையாதாம். சிஸ்டரிடம் கேட்டுவிட்டேன்.

டாக்டர் மறுபடி நேரம் கேட்டாள். "கண்ணு சொருக ஆரம்பிச்சது எப்போன்னு சரியாத் தெரிஞ்சா நல்லது. ஆறுக்கு முன்னாடியே ஏதாவது சொன்னாங்களா?"

"பால்காரன் வந்தப்ப கொல்லைக்கு வந்தா. ஆறுதான்."

எங்கள் ஊர்ப் பால்காரன் ஐந்தேகாலுக்கு வருகிறவன். அன்று தாமதமாக வந்திருப்பான்.

புரட்டாசி 23, சனி

இன்று ஒன்றும் சாப்பிடவில்லை. சனிக்கிழமை விரதம் எல்லாம் எனக்குக் கிடையாது. பசிக்கவில்லை, அவ்வளவுதான்.

பால்காரன் தாமதமாக வரவில்லை.

எங்களுக்குள் பேச்சில்லை என்று எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு கொல்லையில் புழங்குகிறவர்கள் எதையும் சொல்லிக்கொள்ளாமல் இருக்க முடியுமா? ஆட்டிடம் சொல்லுவோம். "ஏ குட்டி, நாளைக்குத் தண்ணி வராதாம்" என்று அவள் சொன்னால் நான் இன்றைக்கே பிடித்து வைப்பேன். "ஏ குட்டி, யாரோ வெறகுல கை வச்சிருக்காவ" என்று நான் சொன்னால் சாயங்காலம் விறகு திரும்பி வந்துவிடும். பத்தொன்பது வருஷத்தில் ஆறேழு ஆடு மாறியது. பேச்சு மாறவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தேகால். நான் ஆட்டுக்கு அகத்திக்கீரை கட்டிக்கொண்டிருந்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று ஆட்டிடம் சொன்னாள்: "குட்டி, கண்ணு ரெண்டும் தொறக்க மாட்டேங்குது. வயித்தப் பெசையுது. நாக்கு தடிச்சுக் கெடக்கு."

கொல்லை வைக்கோலை அள்ளிப் போடும் முறை அன்று அவளுடையது. நானும் ஆட்டைப் பார்த்தே சொன்னேன்: "குட்டி, சில பேருக்கு மொறை வந்தாத்தான் சீக்கு வரும்."

அவள் போகவில்லை. மறுபடி சொன்னாள். இந்த முறை வார்த்தை கொழகொழவென்று வந்தது. போன மாதம் எனக்கு முன்பல் நான்கு எடுத்தார்கள். நான் பேசுவது போலப் பேசிக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். கண்ணை அரைக்கண்ணாக வைத்திருந்தாள். அதுவும் என் பார்வையைப் போல் செய்து காட்டுவது என்றே நினைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்க் காபி போட்டுக் குடித்தேன். அவள் வந்து நிற்பது தெரிந்தும் நிதானமாகக் குடித்தேன்.

ஆறு மணிக்கு தொப்பென்று சத்தம் கேட்டது.

முக்கால் மணி நேரம். எழுபத்தாறாம் வருஷத்து அரிவாள்மனை நினைவிருக்கிற எனக்கு, இது நினைவில்லாமல் போகுமா?

இதை அவள் காதில் சொல்லவில்லை. நோட்டோடு நிற்கட்டும். அவளுக்கு ஒரு எழுத்துத் தெரியாது. படித்துக் காட்டும்போது தாள் ஒட்டிக்கொண்டது என்று சொல்லித் தாண்டிவிடலாம். அவள் எழுந்தால்.

புரட்டாசி 24, ஞாயிறு

காலை பத்து மணிக்குக் கலியமூர்த்தி வாசலில் வேனை நிறுத்திவிட்டான். மச்சினன் முன் சீட்டில். டாக்டர் அவனோடு மன்றாடிப் பார்த்தாள். "ரெண்டு நாள் குடுங்க" என்றாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "எங்கம்மாவ எனக்குத் தெரியும் டாக்டர். அசையாமக் கெடக்குற ஆளு இல்ல அது. இல்லாததுனாலதான் அசையல" என்றான். தாளை எடுத்துக் கொடுத்தார்கள். பேனாவை வாங்கிவிட்டான்.

"டேய், பத்து நிமிசம் குடு" என்றேன். "நான் ஒரு தடவ ஒப்பாரி வச்சுட்டு வந்திர்றேன். வாசல்ல கெடத்தி நாலு பேரு பாக்கப் பாட எனக்குத் தெம்பில்ல."

அவன் அழுதுகொண்டே தலையாட்டினான்.

உள்ளே போனேன். சிஸ்டர் அடுத்த கட்டிலில் இருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்து, மார்பில் ஒரு தட்டுத் தட்டி எடுத்தேன்.

வைக்கோல் மொறை வந்தா வயித்துவலி கண்டவளே
வாங்குன அருவாமனைய மழுக்கிக் குடுத்தவளே
ஊராரு கொழம்புக்கு உப்புக்கொற சொன்னவளே
உன் வீட்டு ரசத்துல ஊர்க்கொளமே தெரிஞ்சதடி

என் குரல் எனக்கே தெரியாத அளவுக்கு நன்றாக வந்தது. நாலாவது கட்டிலில் இருந்த ஆளின் மனைவி, யாரோ போய்விட்டார்கள் என்று கூடவே சேர்ந்து அழத் தொடங்கினாள். கதவுக்கு வெளியே கலியமூர்த்தி "அம்மா" என்று விழுந்த சத்தம் கேட்டது. டிவி பெட்டி கீங் கீங் என்று கத்தியது. நூற்று இருபத்தொன்று.

ஜெசிந்தா ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள். "பாட்டி, ஐசியூவுல இதெல்லாம்…" என்றவள் நிறுத்திவிட்டாள். கால்மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, "பாட்டி, அந்தக் கடைசி அடிய இன்னொரு தரம் பாடுங்க" என்றாள்.

"எதை?"

"ரசத்தை."

பாடினேன். தையல்நாயகியின் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. இல்லை, அசைந்தது என்று சொல்லக்கூடாது. சிணுங்கியது.

டாக்டர் வந்தாள். காதருகே குனிந்து, "அம்மா, நான் பேசுறது கேக்குதுன்னா வெரல ரெண்டு தடவ அசைங்க. இனிமே ஆமான்னா ரெண்டு, இல்லன்னா ஒண்ணு" என்றாள்.

ஒன்று. ரொம்ப நேரம் கழித்து, இரண்டு.

"நீங்க வீட்டுக்குப் போகணுமா?"

ஒன்று. அதோடு நின்றது.

"பாட்டி பாடுறத நிறுத்தச் சொல்லவா?"

ஒன்று, இரண்டு. இது மட்டும் உடனே வந்தது.

கலியமூர்த்தியை உள்ளே கூட்டி வந்து காட்டினார்கள். தாயின் காலைப் பிடித்துக்கொண்டு அவன் அழுத அழுகைக்கு அவனை மன்னிக்கலாம். மச்சினனை மன்னிக்க மாட்டேன். கையெழுத்துத் தாளைக் கிழித்துப் போட்டான். பிறகுதான் ஞாபகம் வந்து தலையில் கைவைத்தான். ஒப்பாரிச் சத்தம் கேட்டதும் ஊருக்குப் போன் போட்டு, அம்மா போய்விட்டாள் என்று சொல்லிவிட்டானாம். வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. இரண்டு பெரிய மாலையோடு ஒரு கூட்டம் வேனில் கிளம்பிவிட்டது.

புரட்டாசி 25, திங்கள்

மாலைகளை ஆஸ்பத்திரி வாசல் பிள்ளையாருக்குப் போட்டோம். யாருக்கு வாங்கியது என்று அவர் கேட்கவில்லை.

புரட்டாசி 26, செவ்வாய்

இன்று கை விரல்களும் லேசாக. கண் இமை ஒரு நூல் அளவு திறந்தது. நான் எதிரில் நின்றேன். உடனே மூடிக்கொண்டது. டாக்டர் அதைக் களைப்பு என்கிறாள்.

விரல் பாஷையில் ஒரு கேள்வி கேட்டேன். "அந்த ஆறுன கொழம்பு, என்னைத்தானேடி சொன்னே?"

ஒன்று. இல்லை என்கிறாள்.

"பொய் சொல்லாத."

ஒன்று.

"அப்ப யாரை?"

அதற்குக் கால்விரல் போதாது.

புரட்டாசி 28, வியாழன்

குழாயை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறாள். குரல் இல்லை, காற்றுத்தான் வருகிறது. இரண்டு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தேன். விழுங்கினாள். நான் போய் ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டேன். ரசம் இரண்டு தடவை வாங்கினேன்.

புரட்டாசி 30, சனி

வார்டுக்கு மாற்றியாகிவிட்டது. தகரத்தைத் தேய்த்தது போல் ஒரு குரல் வந்திருக்கிறது. அவளாகவே ஆரம்பித்தாள். என்னைப் பார்த்தே. நடுவில் ஆடு இல்லாததால் எனக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அது எங்க வீட்டுக்காரருக்குக் கட்டி வச்சிருந்த பாட்டு" என்றாள்.

"எது?"

"ஆறுன கொழம்பு. அவருதான் அப்ப நெஞ்சுச்சளியோட படுக்கையில கெடந்தாரு. ஒரு வாரம் தாங்காதுன்னுட்டாங்க. நான் நடவுக்குப் போயி, வந்து, ஆறிப்போனதத்தான் ஊத்துவேன். அவரும் ஒண்ணும் சொல்லாமத் தின்னுபுட்டுப் படுத்துக்குவாரு. ராவெல்லாம் அத நெனச்சு நெனச்சு மனசுக்குள்ள அந்தப் பாட்ட கட்டி வச்சிருந்தேன். நல்லாயிருந்த பெரியவரு மோட்டார் கொட்டாயில பொசுக்குன்னு போயிட்டாரு. வாயத் தொறந்தேன், இருந்தது வந்துருச்சு. பாதியில நிறுத்த முடியுமா?"

என் கொழுந்தன் அதற்குப் பதினாறு நாள் கழித்துப் போனான். அன்று இவள் வாயைத் திறக்கவே இல்லை. புருஷன் சாவுக்குக்கூடப் பாடாத திமிர் என்று அதையும் நான் ஒரு குற்றமாக வைத்திருந்தேன்.

"அவருக்கு ஏன்டி பாடல?"

"இருந்தது ஒரு பாட்டு. அத உன் புருசனுக்குக் குடுத்துட்டேன்."

அவள் போர்வை நுனியை இழுத்து விட்டேன். பிறகு, "பத்தொம்பது வருசமா இத ஏன் சொல்லல?" என்றேன்.

"நீதான் பேசலியே. இத ஆட்டுக்கிட்டயா சொல்லுவாங்க?"

ஐப்பசி 1, திங்கள்

ஜெசிந்தா சிஸ்டர் வார்டுக்கு வந்து, நோட்டைப் படித்துக் காட்டச் சொன்னாள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து தையல்நாயகி கேட்டாள். மாயவரம் பஸ் வந்தபோது சிரிக்கப் போய் இருமல் வந்தது. வெள்ளிக்கிழமையை முடித்து, தாளைப் புரட்டி, ஞாயிற்றுக்கிழமை என்று ஆரம்பித்தேன்.

"சனிக்கெழம எங்க?"

"அன்னிக்கு ஒண்ணும் நடக்கல."

"ஒண்ணும் நடக்காத நாளுக்கு எதுக்கு ரெண்டு தாளு?"

படிக்கத் தெரியாதவளுக்குத் தாளைப் பார்க்கத் தெரிகிறது. சிஸ்டர் வேறு நிற்கிறாள். படித்தேன். காபி குடித்த இடம் வரை படித்தேன், அதற்கு மேல் கண்ணாடியில் ஈரம். ஜெசிந்தா மீதியைப் படித்து முடித்தாள்.

தையல்நாயகி தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஐப்பசி 2, செவ்வாய்

வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். டாக்டர் நிலோஃபர் கடைசித் தாளை நிரப்ப வந்தாள். கலியமூர்த்தி மருந்து வாங்கப் போயிருந்தான்.

"ஒண்ணே ஒண்ணு பாக்கி" என்றாள். "அன்னிக்கு மொதமொதல்ல எத்தன மணிக்கு முடியலன்னு சொன்னீங்க? பாட்டி ஆறுங்கறாங்க. நீங்களே சொல்லுங்கம்மா."

நேற்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள், டாக்டரை நேராகப் பார்த்தாள். "ஆறுதாங்க. நான் சொன்ன ஒடனே அக்கா ஓடியாந்துச்சு."

டாக்டர் எழுதப் போனாள். எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. இவள் எனக்குப் பிச்சை போடுவதா?

"அஞ்சேகால் டாக்டரம்மா" என்றேன். "அஞ்சேகாலுக்கே சொன்னா. நான்தான் போய்க் காபி குடிச்சேன்."

"ஆறுன்னா ஆறு" என்றாள் தையல்நாயகி.

"அஞ்சேகால்."

"பாம்பு கடிச்சது எனக்கா, ஒனக்கா?"

"கண்ணு தொறக்க முடியாம நின்னவளுக்கு மணி எப்படிடி தெரியும்?"

"கண்ணுதான் தெரியல. காதுல உன் காபித் தம்ளரு சத்தம் கேட்டுச்சுல்ல. அந்தச் சத்தம் ஆறு மணிச் சத்தம்."

"என் வீட்டுத் தம்ளரு சத்தம் எனக்குத் தெரியாதா?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். டாக்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு இவளையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கடைசியில், "சரி, சரி. ரெண்டு பேருக்கும் நேரம் சரியா ஞாபகம் இல்லன்னு போட்டுக்குறேன்" என்றாள்.

"யாருக்கு ஞாபகம் இல்ல?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவள் மேல் பாய்ந்தோம்.